பகிஷ்கரிப்பு என்றால் நமக்கு என்ன நட்டம்?



இசை கூடுமா கூடாதா என்று கமென்ட்டில் தொடங்கிவிட வேண்டாம். அது வேறு பேச்சு. இது நம்மைப் பற்றிய பேச்சு.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஸ்பிரின்ட்ஸ் என்றொரு ரொக் இசைக்குழு. 2024 ஜனவரியில்தான் 'லெட்டர் டு செல்ஃப்' என்ற அவர்களின் முதல் அல்பம் வந்தது. முதல் அல்பத்தோடு ஊர் ஊராகச் சுற்றும் ஒரு குழுவுக்கு அந்த ஒரு வருடம்தான் எல்லாம். அதில் பெயர் எடுக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு குழு வந்துவிடும். அப்படிப்பட்ட நேரத்தில், மார்ச் மாதம் அமெரிக்காவின் டெக்சாஸில் நடக்கும் 'சவுத் பை சவுத்வெஸ்ட்' விழாவில் வாசிக்க இடம் கிடைத்தது. இசைக் கம்பனிக்காரர்கள், ஏஜென்ட்மார், வானொலிக்காரர்கள் எல்லோரும் புதுக் குழுக்களைத் தேடி வரும் சந்தை அது.

ஆனால் விழாவின் அனுசரணையாளர் பட்டியலில் அமெரிக்க இராணுவம் இருந்தது. ஆயுதக் கம்பனியும் இருந்தது. காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். போகமாட்டோம் என்றார்கள். அதே ஜனவரியில் முதல் அல்பம் வெளியிட்ட கோல்வேயின் நியூடாட் குழுவும் விலகியது. பெல்ஃபாஸ்டின் நீகேப்பும் விலகியது. மொத்தம் 80க்கும் மேற்பட்ட கலைஞர்களும் பேச்சாளர்களும் விலகினார்கள். டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபொட், இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கேலியாகப் பதிவு போட்டார். ஜூன் மாதம் விழாக்காரர்களே அறிவித்தார்கள்: 2025இல் அமெரிக்க இராணுவமும் ஆயுதம் செய்யும் கம்பனிகளும் அனுசரணையாளர்களாக இருக்கமாட்டா.

"பிரபலம் தேடிச் செய்திருப்பார்கள்" என்று ஒரு சகோதரர் நம்மிடம் சொன்னார். பிரபலம் தேடுபவன் பிரபலம் விற்கும் சந்தையின் கதவைத் தானே சாத்துவானா?

நமக்கு நோன்பு தொடங்கியதும் அதே வாரம்தான். நாம் என்ன செய்தோம்? லிஸ்ட் ஃபோர்வர்ட் பண்ணினோம். சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், பால்மா என்று நூறு சாமான். லிஸ்ட் அனுப்பியவர் வீட்டு இஃப்தாரிலேயே லிஸ்டில் உள்ள சோடா. கேட்டால், "பிள்ளைகள் அதைத்தான் குடிப்பார்கள் சேர்." புரொஃபைல் படத்தை மாற்றினோம், துஆக் கேட்டோம். துஆ வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஆனால் நம் கையை விட்டு ஒரு ரூபாயாவது போனதா, ஒரு வசதியாவது குறைந்ததா?

பொய்கொட் என்ற ஆங்கிலச் சொல்லே அயர்லாந்திலிருந்து வந்ததுதான். அது ஒரு மனிதரின் பெயர். 1880இல் மேயோ மாவட்டத்தில் கப்டன் பொய்கொட் என்ற நிலமுகவர், குத்தகை விவசாயிகளை வெளியேற்றப் பார்த்தார். ஊரே அவரை ஒதுக்கியது. அறுவடைக்கு ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை. கடைசியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து, இராணுவக் காவல் போட்டுத்தான் பயிரை எடுத்தார்கள். விளைச்சலின் பெறுமதியைவிடக் காவல் செலவு பல மடங்கு. அந்த வருடமே பொய்கொட் நாட்டை விட்டுப் போனார். அந்த ஊர்க்காரர்கள் நூறு பேரின் லிஸ்ட் வைத்திருக்கவில்லை. ஒரே ஒரு பெயர்.

பிறகு 1984. டப்ளினில் டன்ஸ் ஸ்டோர்ஸ் கடையில் காசாளராக இருந்த மேரி மேனிங் என்ற 21 வயதுப் பெண், நிறவெறித் தென்னாபிரிக்காவின் பழத்துக்குப் பில் போட மறுத்தார். வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். சக ஊழியர்கள் சிலரும் அவரோடு வெளியே வந்து, கிட்டத்தட்ட மூன்று வருடம் கடை வாசலில் மழையிலும் குளிரிலும் நின்றார்கள். கடைசியில் 1987இல் அயர்லாந்து அரசாங்கமே தென்னாபிரிக்கப் பழம், மரக்கறி இறக்குமதியைத் தடைசெய்தது. ஸ்பிரின்ட்ஸ் பிள்ளைகள் வளர்ந்தது அந்தக் கதையைக் கேட்ட ஊரில்.

இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நம்மிடம் கேட்கிறார்கள், "சேர், லிஸ்டில் உள்ளதை ஏன் நம்ம கடையிலேயே விற்கிறார்கள்?" சொல்வதற்குப் பதில் இல்லை.

ஆகவே பள்ளி நிர்வாகத்திடமும் கடைக்காரச் சகோதரர்களிடமும் நாம் கேட்பது இதுதான். அந்த நூறு சாமான் லிஸ்ட்டைக் கிழித்துப் போடுங்கள். சோடா ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு வருடம், ஊர் முழுக்க எந்தக் கடையிலும் இல்லை, எந்த வலீமாவிலும் இல்லை. கடைக்காரருக்கு இலாபம் குறையும், அதை நாமெல்லோரும் பகிர்வோம். மற்றச் சாமானை அவர்களிடமே வாங்குவோம். அடுத்த மாதம் ஊரில் மூன்று கல்யாணம் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.