அடுக்களைக்கு ஆய்வாளர் வருவதில்லை

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதன் பிறகு பள்ளிகளுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. ஆனால் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ நம் வீட்டு அடுக்களைக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை.

சின்னஞ்சிறு குழந்தைகளைப் பெரும்பாலும் சுடுவது நெருப்பன்று. கொதிக்கும் ரசமும் பாலும் குளியல் வெந்நீருமே. 60 டிகிரி வெந்நீர் பெரியவர்களின் தோலையே சில விநாடிகளில் ஆழமாகப் புண்ணாக்கும்; குழந்தையின் தோலோ மிக மெல்லியது.

விபத்து நேர்ந்ததும் தாயைக் கடிந்துகொள்வது நம் வழக்கம். அது முறையன்று. எந்தக் கண்ணும் இமைக்காமல் காவல் காக்க இயலாது. மாற வேண்டியது வீட்டின் ஒழுங்கே: சூடான பாத்திரத்தைத் தரையில் வைக்காதீர்கள், வாளியில் முதலில் தண்ணீரையும் பிறகே வெந்நீரையும் ஊற்றுங்கள், அடுக்களை வாயிலில் தடுப்பு அமையுங்கள்.

சுட்டுவிட்டால், புண்ணின் மீது 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். கோடையில் மாடித்தொட்டி நீரே சுடும். அப்போது குடிநீரைப் பயன்படுத்துங்கள். பற்பசை, மை, பனிக்கட்டி வேண்டா. உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். தேவையெனில் 108-ஐ அழையுங்கள்.

நம் அடுக்களைக்கு நாமே ஆய்வாளர்.