எஞ்சியவர்களைச் சாட்சி வைத்தோம்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மணப்பதை ஊர் பார்க்க வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிவந்தோம். அந்த மணம் கிளம்பும் பண்டகசாலைகளுக்குள் பெண்கள் உட்கார்ந்து சுக்கைச் சலித்து, புடைத்து, தரம் பிரிக்கிறார்கள். வெளுப்பாகத் தெரியச் சுண்ணாம்பு ஏற்றிய சுக்கு. முறத்தை ஒரு தடவை தட்டினால் மண்ணும் தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து புழுதியாக எழும். அது யார் நெஞ்சுக்குள் இறங்குகிறது என்று, சுக்கை விற்றுப் பிழைத்த நாங்கள் கேட்டதில்லை.

ஒரு சேச்சிக்கு இளைப்பு வந்தால், "அவருக்குத் தூசி சேராது" என்போம். அது பொய்யல்ல. ஒரே புழுதியில் உட்கார்ந்தாலும் எல்லாருக்கும் இளைப்பு வருவதில்லை. பரம்பரையாக வரும் ஒவ்வாமை, அடுப்புப் புகை, பழைய நெஞ்சுநோய் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். உடம்பு ஒரு தூசியைப் பகையாகக் கண்டுகொள்ள மாதங்களாகும், சிலருக்கு வருடங்களாகும். கண்டுகொண்டபின் கொஞ்சம் பட்டாலே மூச்சு இறுகும். இத்தனையும் உண்மைதான். நாங்களோ அதைச் சொல்லியே புழுதியை விடுவித்து, உடம்பின்மேல் பழி போட்டோம்.

இதைவிடக் கொடுமை, "இருபது வருஷமாகப் புடைக்கிறவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டது. மூச்சு முட்டியவர்கள் எப்போதோ நின்றுவிட்டார்கள். தாங்கியவர்கள்தான் எஞ்சினார்கள். அவர்களைக் காட்டி, இங்கே நோயே இல்லை என்று நிரூபித்தோம். நின்றுபோனவர்கள் வீட்டுக்கு யாரும் போய்ப் பார்க்கவில்லை.

தெரியாமல் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. தானியம் சலிப்பவர்களின் இருமலையும் மூச்சுத்திணறலையும் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-லேயே எழுதிவிட்டார். 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், இத்தகைய தூசிகளால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சியும் தொழில்நோயாகப் பின்னர் சேர்ந்தது. டோக்கனை எறிந்து வேலை கொடுக்கும் சாப்பா முறையை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளர்கள் 1953 செப்டம்பரில் துப்பாக்கிச்சூட்டை எதிர்கொண்ட ஊர் இது. அந்த நினைவைப் போற்றுகிற நாங்களே, கூலிப் பேச்சில் மூச்சை ஒருமுறையும் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு லேசாகித் திங்கள்கிழமை மறுபடி அடைக்கிறதா என்ற கேள்விக்குப் பணம் செலவில்லை. ஊதிப் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று போதும், வேலைநாளுக்கும் விடுப்புநாளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். முந்தானையால் மூக்கைக் கட்டினால் நுண்தூசி நிற்காது என்பது தெரிந்தும், அதையே பாதுகாப்பு என்று ஒப்புக்கொண்டோம். புழுதியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிக்குக் கணக்கில் இடமில்லை என்றோம். ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் ஆஸ்துமா தணிய வாய்ப்பு அதிகம். இளைப்பு வந்தவரை அதே கூலிக்குத் தூசியில்லாத வேலையில் உட்காரவைக்கலாம் என்ற பேச்சை எங்களில் ஒருவரும் எடுக்கவில்லை.