டிக்கிக்குள்ளே கிழக்கு எது?

சிவகிரி பக்கம் கோயில் கொடைன்னா, ஊருக்குள்ள முதல்ல வந்து இறங்குறது ரேடியோ செட்தான். மரத்துல குழாயைக் கட்டும்போது, 'கிழக்கால திருப்பு... இன்னும் கொஞ்சம்'னு கீழே நின்னு நாலு பேர் டைரக்‌ஷன் குடுப்பாங்க. அதுல நியாயம் இருக்கு. குழாய் எந்தத் தெருவைப் பார்க்குதோ, அந்தத் தெருவுக்குத்தான் பாட்டு கணீர்னு கேட்கும்.

பிரச்னை என்னன்னா, அதே நியாயத்தை நம்ம பசங்க கார் டிக்கிக்குள்ளயும் கொண்டு போறாங்க. 'சப்-ஊஃபர் முன்னாடி பார்க்கணும்டா, அப்பதான் பேஸ் நெஞ்சுல இடிக்கும்!' 'போடா, பின்னாடி பார்த்தாத்தான் கெத்து!' டீக்கடைப் பட்டிமன்றம் முடியறதே இல்ல. நடுவுல மாட்டிக்கிறது, குற்றாலம் சீசன் சவாரியை நம்பி வண்டிக்கு ஆடியோ வைக்கிற டிரைவர் அண்ணன்கள். பேஸ் பத்தலைன்னா, 'பெரிய ஆம்ப் போடுங்கண்ணே'னு உடனே ஆலோசனை வரும். ஒரு மாச டியூ காலி!

அதனால கொஞ்சம் ஃபிசிக்ஸ், பாஸ். பயப்படாதீங்க, வெறும் வகுத்தல் கணக்குதான்.

ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 2,000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் 17 செ.மீ. குழாயோட வாயைவிடச் சின்னது. அதான் டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரே பக்கமாப் பாயுது. ஆனா 50 ஹெர்ட்ஸ் பேஸ்? கிட்டத்தட்ட 7 மீட்டர்! நம்ம சின்ன கார்களோட முழு நீளமே 4 மீட்டருக்குள்ளதான். வண்டியைவிடப் பெரிய அலைக்கு முன்னாடி ஏது, பின்னாடி ஏது? பெட்டி எங்க பார்த்தாலும் எல்லாப் பக்கமும் பரவும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனா, சத்தம் எங்கிருந்து வருதுன்னு காதாலயே சட்டுனு சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் பெட்டியைத் திருப்பினா சவுண்ட் மாறுது? காரணம் திசை இல்ல... தூரம்!

கோன்ல இருந்து கிளம்புற அலைல ஒரு பங்கு நேரா உங்ககிட்ட வருது. இன்னொரு பங்கு பின் கதவுல மோதித் திரும்பி வருது. கோனுக்கும் கதவுக்கும் 1 மீட்டர் இடைவெளின்னா, அது 2 மீட்டர் கூடுதலா நடக்கணும். 86 ஹெர்ட்ஸோட அலைநீளம் 4 மீட்டர். 2 மீட்டர்ங்கிறது அதுல சரிபாதி. ஒண்ணு தள்ள, இன்னொண்ணு இழுக்க... அந்த இடத்துல பேஸ் அவுட்! ஆம்பைக் கூட்டினா ரெண்டும் சேர்ந்தேதான் கூடும். பள்ளம் பள்ளமாவே இருக்கும்.

ஞாபகம் வெச்சுக்க ஒரு ஃபார்முலா: 86-ஐ அந்தத் தூரத்தால (மீட்டர்ல) வகுங்க. 1.2 மீட்டர்னா 72 ஹெர்ட்ஸ், பேஸுக்கே ஆப்பு. அதே பெட்டியைப் பின்கதவுப் பக்கமாத் திருப்பி 30 செ.மீ.ல வெச்சா 287 ஹெர்ட்ஸ். கிராஸ்ஓவரை 80-ல வெச்சிருந்தா சப்-ஊஃபருக்கு அங்க வேலையே இல்ல. பின்னாடி பார்த்த பெட்டி பல வண்டிகள்ல ஜெயிக்கிற ரகசியம் இதுதான். உத்தேசக் கணக்குதான், ஆனா வழி காட்டும்.

மேலே பார்த்து வைக்கலாமா? தாராளமா. ஆனா அந்த டிக்கில எலுமிச்சை மூட்டை ஏறும்னா கோனுக்கு மேல கம்பி வலை கட்டாயம். கீழே பார்த்தா கோன் தொங்கிடும்னு ஒரு பயம் உண்டு. 30 ஹெர்ட்ஸ் ரெசனன்ஸ் உள்ள ஸ்பீக்கர் தன் எடையால இறங்குறது 0.28 மில்லிமீட்டர்தான்! கோன் ஏறி இறங்கத் தரைக்கு மேல இடம் விட்டாப் போதும்.

காசு எடுக்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. வண்டியை நிறுத்தி, ஒருத்தர் டிரைவர் சீட்ல உட்காரணும். ஒரே பாட்டு, ஒரே வால்யூம். இன்னொருத்தர் பெட்டியை முன்னாடி, பின்னாடி, மேலேன்னு திருப்பணும். ஒவ்வொரு தடவையும் ஆம்ப்ல இருக்கிற ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 ரெண்டுலயும் தட்டிப் பாருங்க. அரை மணி நேர வேலை, செலவு ஜீரோ.

ஜெயிச்ச இடத்துல பெட்டியை ஆங்கிள் போட்டு இறுக்கின பிறகுதான் சாவியைத் திருப்பணும். மேக்னட்டும் பலகையுமா கனமான பெட்டி அது. சடன் பிரேக் போட்டா எந்தப் பக்கம் பாயும்ங்கிறதுக்கு மட்டும் பட்டிமன்றமே வேண்டாம்... முன்சீட்டுப் பக்கம்தான்!