8,500 ரூபாய்க்கு மேனிஃபோல்டுக்குப் போர்வை போர்த்தணுமா?



போன மாசம் என் சித்தி பையன் ஒரு போட்டோ அனுப்பினான். கார் பானெட்டைத் திறந்து வெச்சு எடுத்த போட்டோ. கூடவே ஒரு மெசேஜ்: "அண்ணே, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஹீட் ரேப் சுத்தப் போறேன். லேபரோட 8,500 கேக்குறாங்க. பிக்கப்பும் ஏறுமாம், மைலேஜும் ஏறுமாம். நல்ல இன்வெஸ்ட்மென்ட்தானே?"

அந்த கடைசி வார்த்தைதான் என்னை உறுத்துச்சு. பையனுக்குக் கைக்கு வர்ற சம்பளம் 38,000. கார் 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அவசரத்துக்குன்னு தனியா வெச்சிருக்கிறது 20,000. அதுல 8,500 போனா கிட்டத்தட்ட பாதி காலி.

முதல்ல இந்த ரேப்னா என்னன்னு பார்த்துடுவோம். இன்ஜின்ல எரிஞ்சு வெளிய வர்ற புகை முதல்ல போய்ச் சேர்ற இரும்புக் குழாய்க் கொத்துதான் மேனிஃபோல்டு. இன்ஜினை முழு லோடுல ஓட்டினா அங்க சூடு 700, 800 டிகிரியைக்கூடத் தொடும். அது மேல ஃபைபர் கிளாஸ் இல்லன்னா பசால்ட் நாரால நெய்த பட்டையை இறுக்கமா சுத்துறதுதான் ஹீட் ரேப். சூடு வெளிய போகாம குழாய்க்குள்ளயே நிக்கும். புகை சூடா இருந்தா வேகமா வெளியேறும். பானெட்டுக்குள்ள சூடு குறையும், இன்ஜின் இழுக்குற காத்தும் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும். இதுல பொய் எதுவும் இல்லை. ரேஸ் கார்ல இது ரொம்ப வருஷமா இருக்குற பழக்கம்தான்.

ஆனா இருங்காட்டுக்கோட்டை டிராக்லயோ, கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலயோ ஓடுற வண்டி முழு த்ராட்டில்ல ஓடும். ரேஸ் முடிஞ்சதும் மெக்கானிக் பிரிச்சுப் பார்ப்பார். ரேப் கிழிஞ்சா மாத்துவாங்க, குழாயே போனாலும் மாத்துவாங்க. நம்ம வண்டி காலையில ஓஎம்ஆர் சிக்னல்ல ரெண்டாவது கியர்ல ஊர்ந்துட்டு இருக்கு. ரெண்டுக்கும் ஒரே மருந்து எப்படி வேலை செய்யும்?

சரி, கணக்குக்கு வருவோம். விக்கிறவர் சொல்றதை அப்படியே ஒத்துக்கிட்டு, மைலேஜ் 3 சதவீதம் ஏறும்னே வெச்சுக்குவோம். மாசம் 800 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய்னு ரவுண்டா எடுத்தா மாசச் செலவு 5,000. அதுல 3 சதவீதம் 150 ரூபாய். போட்ட 8,500 திரும்பி வர 57 மாசம் ஆகும். கிட்டத்தட்ட அஞ்சு வருஷம்! அதுவும் சிக்னல்ல ஊர்ற வண்டிக்கு அந்த 3 சதவீதம் கிடைக்கும்னு நான் நம்பலை.

இது வரவு பக்கம். ஆடிட்டர்கிட்ட கேட்டா இன்னொரு பக்கத்தையும் பார்க்கச் சொல்வார். பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழ குறிப்புல வர்ற 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி'. வராமலும் போகலாம், வந்தா பெருசா வரும். ரேப்ல அது மூணு இடத்துல ஒளிஞ்சிருக்கு.

ஒண்ணு, இரும்பு. ரேப் சூட்டை மட்டும் பிடிச்சு வைக்காது. மழைத்தண்ணி, வண்டி கழுவுற தண்ணி எல்லாத்தையும் உறிஞ்சி வெச்சுக்கும். உள்ள துரு பிடிக்கிறது வெளிய தெரியாது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு வழக்கத்தை விட அதிக சூட்டுல திரும்பத் திரும்ப விரிஞ்சு சுருங்கினா விரிசல் விடலாம்.

ரெண்டு, வாரண்டி. கம்பெனி ஒத்துக்காத மாற்றத்தால வர்ற பழுது வாரண்டியில சேராது. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்த பிறகு பல கார்கள்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் மேனிஃபோல்டை ஒட்டியே இருக்கு. அங்க எவ்வளவு சூடு இருக்கணும்னு கம்பெனி கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கு. இன்னொரு வேடிக்கை: ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவோட 1.0 டிஎஸ்ஐ மாதிரி இன்ஜின்ல மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்திருக்கும். சுத்துறதுக்குன்னு தனியா குழாயே கிடையாது!

மூணு, இன்சூரன்ஸ். மெக்கானிக்கல் பிரேக்டவுனும் தேய்மானமும் சாதாரண கார் பாலிசியில கவர் ஆகாது. அதனால மேனிஃபோல்டு விரிஞ்சா செலவு உங்களது. வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுத்து, நல்ல நிலைமையில வெச்சிருக்கணும்னும் பாலிசியில ஒரு நிபந்தனை இருக்கு. நாளைக்கு பானெட்டுக்குள்ள தீப்பிடிச்சா, சர்வேயர் முதல்ல பார்க்கப்போறது என்னன்னு யோசிச்சுக்கோங்க.

தீன்னு சும்மா பயமுறுத்தலை. பையனை கூட்டிக்கிட்டு எங்க ஏரியா மெக்கானிக் பாய்கிட்ட போனேன். "எதுக்கு தம்பி ரேப்?"னு கேட்டார். "கால்கிட்ட ஒரே சூடு பாய், ஏசியும் பத்தலை"ன்னான். அவர் டார்ச் அடிச்சுப் பார்த்தார். மேனிஃபோல்டு மேல கம்பெனியே போட்டுக் கொடுத்த தகடு, ஹீட் ஷீல்டு, ரெண்டு போல்ட் இல்லாம ஒரு பக்கமா தொங்கிட்டு இருந்தது. டேப்பட் கவர் பேக்கிங் போய், எண்ணெய் கசிஞ்சு கீழ இறங்கிட்டு இருந்தது. ஏசி கண்டென்சர் முழுக்க தூசி.

"இது மேல பட்டையைச் சுத்தினா எண்ணெயைக் குடிச்சுக்கும் சார். விளக்குத் திரி மாதிரி ஆயிடும்"னார்.

பையன் ஒண்ணும் பேசலை. அந்த வண்டியிலதான் வாராவாரம் சித்தியைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறான்.

பேக்கிங் மாத்த 1,100, ஷீல்டு போல்டுக்கு 250, கண்டென்சர் கழுவ 400. மொத்தம் 1,750. கால்கிட்ட சூடு குறைஞ்சது, ஏசியும் பரவாயில்லை. மிச்சம் 6,750 அவசரப் பணத்துலயே இருக்கு.

அப்போ யாருமே ரேப் போடக்கூடாதான்னா, அப்படிச் சொல்லலை. டிராக் டேக்கு வண்டி தயார் பண்றவங்க, ஸ்டீல் ஹெடர் மாத்தி பக்கத்துல வயர் உருகுற பிரச்சனை இருக்கிறவங்க, டர்போ வண்டியை டியூன் பண்றவங்களுக்கு காரணம் இருக்கு. அது ஹாபி. ஹாபிக்கு ஒதுக்கின காசுல, எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லைன்னு பார்த்துட்டு தாராளமா பண்ணுங்க. "பானெட்டைத் திறந்தா கெத்தா இருக்கும்"னு போட்டாலும் சரி, அது உங்க சந்தோஷம். ஆனா அதுக்கு இன்வெஸ்ட்மென்ட்னு பேர் வைக்காதீங்க.

ஏன்னா சம்பளக்காரரோட சொந்த உபயோகக் கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தே கிடையாது. நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தை எதுலயும் கழிக்க முடியாது. அதுக்கு மேல போடுற ரேப், ஸ்டிக்கர், அலாய் எல்லாம் செலவுதான். செலவு தப்பில்லை. செலவை முதலீடுன்னு நம்புறதுதான் தப்பு.

அடுத்த தடவை யாராவது ஒரு மாடிஃபிகேஷனை இன்வெஸ்ட்மென்ட்னு சொன்னா மூணு கேள்வி கேளுங்க. போட்ட காசு எத்தனை மாசத்துல திரும்பும்? கெட்டுப்போனா யார் பணம் கட்டுவா? நான் சரி பண்ண நினைக்கிற பிரச்சனைக்கு உண்மையான காரணம் என்ன? முக்கால்வாசி நேரம் மூணாவது கேள்விக்கான பதில் ரெண்டு போல்ட்லதான் இருக்கும்.