கறுப்புக் கோட்டும் கல்லாப் பெட்டியும்



நம் வட்டாரத்து வியாபாரக் குடும்பங்களில் சட்டம் படித்த பிள்ளைகள் இன்று பெருகி வருகிறார்கள். ரெட்டிபாளையத்துக் கடைக்காரர் வீட்டுப் பெண் அரியலூர் நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டுடன் நிற்கிறாள் என்றால் நமக்கெல்லாம் பெருமைதான். அந்தப் பெண்ணிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பிள்ளைகளில் சிலர் பகலில் இலவச சட்ட உதவி வழக்குகளை நடத்துகிறார்கள். வீட்டில் ஆரி வேலை, துணியில் அச்சு, மரவேலை என்று சிறு கைத்தொழில் ஒன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் ஊர்க் காரியம். "ஒரு கையில் இரண்டு தராசு பிடித்தால் எது நேராக நிற்கும்?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நிற்கும் என்பதே எங்கள் கருத்து. தராசை ஆட்டிவிடுவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் நாம்தான்.

திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826-ல் பிறந்த வேதநாயகம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தவர். 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைச் சாதாரண மக்களுக்கும் புரியும்படி தமிழில் தொகுத்துத் தந்தார். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வெளிவந்தது. பெண்கள் படிக்க மாயூரத்தில் பள்ளி திறந்தார். தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைப் பசித்தவர்களுக்குச் செலவிட்டார். பின்னாளில் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். உத்தியோகம், எழுத்து, ஊர்ப்பணி மூன்றும் ஒருவரிடத்தில் ஒத்துப்போயின. ஆனால் அவர் கடை வைக்கவில்லை. நீதிபதி நாற்காலியில் அமர்ந்தவருக்கு அது பொருந்தாது.

கடையும் வைத்துப் பார்த்த வக்கீல் வ.உ.சி. தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். ஓட்டப்பிடாரத்தில் ஏழைகளுக்காகப் போலீசாரை எதிர்த்து வழக்காடிய மகன், 1900-ல் தூத்துக்குடிக்கு வந்தார். அங்கே தரும சங்க நெசவுச் சாலை, சுதேசிப் பண்டகசாலை என்று ஒவ்வொன்றாகத் தொடங்கி, 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதில் 8,000 பங்குகளை ஒரே ஆளாக வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வியாபாரி. நம் இனத்தார் இதை மறக்கக் கூடாது.

1908-ல் வ.உ.சி. கைதானார். கம்பெனி 1911-ல் கலைந்துவிட்டது. வெள்ளைக்காரனின் அடக்குமுறையும் கட்டணப் போட்டியும் காரணம் என்பதில் சந்தேகமில்லை. வியாபாரிகளாகிய நம் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. எல்லாப் பாரமும் ஒரே மனிதர் தோளில் இருந்தது. அவர் சிறைக்குப் போனதும் அந்த இடத்தில் உட்கார ஆள் இல்லை. 1912 இறுதியில் வெளியே வந்தவருக்கு வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் சிறு வியாபாரம் செய்து பார்த்தார், நிலைக்கவில்லை. வாலஸ் என்ற நீதிபதியின் தயவால் பின்னால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

இன்றைய சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி வழக்கறிஞர் தாமே முன்னின்று வியாபாரம் செய்யக் கூடாது. பரம்பரையாக வந்த குடும்ப வியாபாரத்தில் பங்கு வைத்துக்கொள்ளலாம்; நிர்வாகத்தில் இறங்கக் கூடாது. பத்திரிகைக்கு எழுதலாம், பாடம் நடத்தலாம். அரசு உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டால் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். வீட்டார் நடத்தும் தொழிலுக்கு ஆள் சேர்ப்பதுகூட நடத்தை விதிகளுக்கு விரோதம். எனவே ஆரி வேலைக் கடையைத் தங்கை நடத்துகிறாள் என்றால் மெய்யாகவே தங்கைதான் நடத்த வேண்டும். பெயர்ப் பலகையில் தங்கை, பேரேட்டில் அக்கா என்றால் நம் பாஷையில் அதற்குப் பெயர் பினாமி.

கைத்தொழிலுக்கு வக்கீல் செய்யக்கூடிய உதவி வேறு வகையில் நிறைய இருக்கிறது. நம் பெரம்பலூர்ப் பக்கத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வேறு ஊர்ச் சரக்கின் மேல் ஒட்டி விற்றால் இனி வழக்குப் போடலாம். உளி பிடிப்பவருக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது. அங்கேதான் படித்த பிள்ளை வேண்டும்.

இப்போது நம் கதைக்கு வருவோம். சங்கத்துக்காரர் ஒருவருக்குக் காசோலை திரும்பி வந்தால் உடனே "நம்ம பொண்ணுதானே, சும்மா ஒரு நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்க" என்கிறோம். எடைக்கல் முத்திரை சோதனைக்கு ஆள் வந்தால், "வக்கீலம்மா ஒரு வார்த்தை பேசினால் போதும்" என்கிறோம். வாடகைத் தகராறு, பாகப்பிரிவினை, பையனின் டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் அந்தப் பெண் தலையில்தான். கட்டணம் என்றால் மட்டும் முகம் சுளிக்கிறோம். நம் கடையில் உறவுக்காரர் ஒரு மூட்டை சர்க்கரையைச் சும்மா கேட்டால் கொடுப்போமா? கடன் என்றால்கூடச் சிட்டையில் எழுதித்தானே கொடுக்கிறோம்!

இதில் பாதிக்கப்படுவது நம் வீட்டுப் பெண் மட்டுமல்ல. சட்ட உதவிப் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞர், உதவி பெறுபவரிடம் ஒரு காசு வாங்கக் கூடாது. ஆணைக்குழு தருவதுதான் ஊதியம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பாராமல் இந்த உதவி உண்டு. நம் கடைகளில் புடைத்துப் பொட்டலம் போடும் பெண்களுக்கும் உண்டு. அப்படி ஒரு பெண் முதலாளி மேலேயே சம்பளப் பாக்கிக்கு வழக்குத் தொடுத்தால், நம் வீட்டுப் பிள்ளை அந்தப் பெண்ணுக்காக நிற்க முடியுமா? நிற்க வேண்டும் என்கிறோம் நாங்கள். சிலருக்கு இது கசக்கும். நம் உப்பைத் தின்றவள் நமக்கு எதிராகவா என்பார்கள். முதலாளிகளுக்காக மட்டும் பேசுகிறவள் என்று பெயர் எடுத்துவிட்டால், நாளைக்கு நமக்கே நியாயமாக ஒரு வழக்கு வரும்போது அந்த வாய்க்கு நீதிமன்றத்தில் என்ன மரியாதை இருக்கும்?

ஆகவே அடுத்த செயற்குழுவில் இரண்டு யோசனைகளை வைக்க இருக்கிறோம். ஆண்டுச் சந்தாவில் கடைக்கு நூறு ரூபாய் கூட்டி, சங்கத்துக்கென ஒரு வழக்கறிஞரைக் கட்டணம் கொடுத்து அமர்த்திக்கொள்வது. அவர் நம் உறுப்பினர்கள் எவருக்கும் உறவாக இல்லாதிருப்பது நல்லது. மற்றொன்று, காசோலை வழக்குகளைத் திரட்டி மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது. அங்கே சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், தீர்ப்பின் மேல் அப்பீலும் கிடையாது. நிலுவையில் காசோலை வைத்திருக்கும் உறுப்பினர்கள் வங்கி மெமோ நகலுடன் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.