நின்றுபோன புரோகிராமை உடனே கொல்லாதீர்கள்

ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் திடீரென்று அசையாமல் நின்றுவிட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலோர் அதை மூடிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். அதுவும் ஓடும். ஆனால் முன்பு நின்றது ஏன்? யாருக்கும் தெரியாது. ஆகவே அது மறுபடியும் நிற்கும். இதைக் கெட்ட பழக்கம் என்றே நான் சொல்வேன்.

எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது, எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்பவை எல்லாம் அந்த நேரத்தில் நினைவகத்தில் இருக்கின்றன. புரோகிராமைக் கொன்றால் அவையும் அழியும். எனவே முதலில் அதன் நினைவகத்தை ஒரு கோப்பாக நகலெடுக்க வேண்டும். இந்த நகலுக்குக் 'கோர் டம்ப்' என்று பெயர். ('கோர்' என்பது அந்தக் காலத்து நினைவகத்தில் இருந்த சிறு காந்த வளையம். 1960-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியிலும் இத்தகைய வளையங்களே இருந்தன. வளையம் போயிற்று, பெயர் போகவில்லை!)

குற்றாலம் பேரருவியைப் படம் எடுத்ததுண்டா? கேமராவின் கதவு சற்று அதிக நேரம் திறந்திருந்தால் நீர் பஞ்சுப்பொதிபோல் தெரியும், துளிகள் தெரியமாட்டா. நினைவகமும் அப்படித்தான். புரோகிராம் ஓடும்போதே நகலெடுத்தால் நகலின் ஒரு பகுதி ஒரு கணத்தையும் மறு பகுதி வேறு கணத்தையும் காட்டும். அருவியை நிறுத்த நம்மால் ஆகாது, புரோகிராமை நிறுத்தலாம். லினக்ஸில் 'ஜிகோர்' என்ற கட்டளைக்குப் புரோகிராமின் எண்ணைக் கொடுத்தால், அதைச் சற்றே நிறுத்தி, நகலெடுத்து, மீண்டும் ஓடவிடும்.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. இத்தகைய நிறுவனங்களின் மென்பொருளைப் பல நாட்டினர் பயன்படுத்துகிறார்கள். பல ஜிகாபைட் நினைவகத்தை நகலெடுக்கும்வரை அவர்களைக் காக்க வைக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் முற்றிலும் நின்றுபோன புரோகிராம் யாருக்கும் பயன்படவில்லையே. அதை இன்னும் சிறிது நேரம் நிறுத்தினால் என்ன நட்டம்? மெதுவாகவாவது ஓடுகிறது என்றால், வேலையை வேறு கணிப்பொறிக்கு மாற்றிவிட்டு நகலெடுக்கலாம். புரோகிராமுக்கு ஓர் இரட்டையை உண்டாக்கி, அதிலிருந்து நகலெடுப்போரும் உண்டு. அந்த இரட்டையில் நினைவகம் முழுதும் வரும். ஆனால் ஒரே சமயத்தில் வேலை செய்யும் பல இழைகளில் ஒன்றுதான் வரும். குறுகிய பாலத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பேருந்துகள்போல் இழைகள் ஒன்றுக்கொன்று காத்துக் கிடந்தால், அதைக் கண்டுபிடிக்க எல்லா இழைகளும் வேண்டும். அங்கே இரட்டை உதவாது.

ஓர் எச்சரிக்கை. நினைவகத்தில் இருந்த கடவுச்சொல், கடிதம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அந்தக் கோப்பிலும் இருக்கும். 'பிழையைக் கண்டுபிடித்துத் தருகிறேன்' என்று யார் கேட்டாலும் அதை அப்படியே அனுப்புவது, வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

பிளஸ் ஒன்னில் சி++ படிக்கிறீர்கள் அல்லவா? முடிவே இல்லாத மடக்கு ஒன்றை எழுதுங்கள். '-ஜி' என்ற குறிப்புடன் தொகுத்து, ஓடவிட்டு, நகலெடுங்கள். ஜிடிபி-யில் அதைத் திறந்து 'பிடி' என்று தட்டினால், எந்த வரியில் சுற்றிக்கொண்டிருந்தது என்று தெரியும்.