கரையிலிருந்து தொடங்கட்டும்

விவசாயிகள் சூரியசக்தி பம்ப்செட் அமைக்க மத்திய அரசு 30 சதவீதமும், மாநில அரசு 30 சதவீதமும் மானியம் அளிக்க 2019-இல் 'பி.எம். குசும்' திட்டம் வகைசெய்தது. சிறு மீனவர்களுக்கு ஏன் இத்தகைய தனித் திட்டம் இல்லை?

கேரளத்தின் வைக்கம் - தவணக்கடவு இடையே 2017-இல் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் பயணிகள் படகு விடப்பட்டது. ஆனால், காயல் வேறு, கடல் வேறு. வலையும் மீனும் சுமந்து அலைகளை எதிர்த்துச் செல்லும் சிறு படகுக்கு, அதன்மேல் பொருத்தும் தகடுகளின் மின்சாரம் மட்டும் போதாது. எனவே, கரையிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு உகந்தது.

மீனைக் குளிரூட்டிப் பாதுகாக்க வழியின்றி, வியாபாரி கூறும் விலைக்கே விற்க நேர்கிறது. மணலில் காயும் கருவாடு ஒரே மழையில் பாழாகிறது. இழப்பைச் சுமப்போர் பெரும்பாலும் பெண்கள். மழைக்காலத்திலும் இயங்கும் வகையில், மாற்று எரிசக்தி வசதியுள்ள சூரிய உலர்த்திகளைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியுள்ளது. அவற்றை வாங்கும் வசதி ஏழை மீனவப் பெண்களுக்கு இல்லை.

ரூ.20,050 கோடியில் 2020-இல் அறிவிக்கப்பட்ட மத்ஸ்ய சம்பதா திட்டம் பனிக்கட்டி ஆலைகளுக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கும் இடமளித்தது. அடுத்த கட்டமாக, சூரிய உலர்த்திகளுக்கும் சிறு குளிர்பதனப் பெட்டிகளுக்கும் தனி நிதி ஒதுக்கி, மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே வழங்க வேண்டும். வயலுக்குக் கிடைத்த சலுகையைக் கடலோரம் கேட்பதில் தவறில்லை.